காவலுக்கு உள்ளூர், கோலுக்கு வெளியூர்

ஐ.எஸ்.எல். கிளப்புகள் டிராஃப்ட் மேஜையில் போட்ட கணக்கு கிளப்புகளுக்குச் சரியாகவே வந்தது. பாக்கி விழுந்தது தேசிய அணியின் தலையில்.

மும்பையில் 2017 ஜூலை 23ஆம் தேதி ஒரு பட்டியல் மேஜைக்கு வந்தது. அதில் 205 இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர்களின் பெயர்கள். அவர்களைப் பங்கு போட்டுக்கொள்ள 10 கிளப்புகள். இந்தியன் சூப்பர் லீகின் நான்காவது சீசனுக்கான டிராஃப்ட் அது. முதல் பெயரைச் சொல்லும் வாய்ப்பு ஜாம்ஷெட்பூர் எஃப்.சி.க்குக் கிடைத்தது. டாடா ஸ்டீல் அப்போதுதான் தொடங்கியிருந்த கிளப். மற்றவர்களுக்காவது பழைய அணியிலிருந்து தக்கவைத்துக்கொள்ள ஆள் இருந்தது. ஜாம்ஷெட்பூரிடம் இருந்தது வெற்றுத்தாள் மட்டுமே.

அந்தத் தாளில் விழுந்த முதல் பெயர் அனஸ் எடத்தொடிகா. மலப்புரத்துக்காரர். வயது 30. இந்திய அணிக்காக அவர் முதன்முதலாக ஆடியதே அந்த ஆண்டு மார்ச்சில்தான். விலை 1.10 கோடி ரூபாய். கோல் அடிப்பது அவர் வேலை அல்ல. கோல் விழாமல் தடுப்பதுதான் வேலை. பின்களத்தின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் அவர். ஜாம்ஷெட்பூர் அன்று எடுத்த பெரிய பெயர்களில் இன்னொன்று, 87 லட்ச ரூபாய்க்கு கோல்கீப்பர் சுப்ரதா பால். மற்றொன்று, பின்களத்துக்கு முன்னால் அரண் போல நிற்கும் நடுக்கள ஆட்டக்காரர் மெஹ்தாப் ஹுசேன்.

வீடு கட்டுகிறவர் முதலில் கதவையும் பூட்டையும் வாங்கி வைத்த மாதிரி இருந்தது அந்தத் தேர்வு. ஆனால் அதில் தவறு ஒன்றும் இல்லை. ஐ.எஸ்.எல்.லின் விதிகளைப் படித்துவிட்டு மேஜையில் உட்காரும் எந்தப் பயிற்சியாளரும் ஏறத்தாழ அப்படித்தான் எடுத்திருப்பார். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

ஆறாவது இடம்

டிராஃப்ட் என்பது ஏலம் அல்ல. ஆட்டக்காரரின் விலை முன்கூட்டியே முடிவாகி, பட்டியலில் பெயருக்கு நேராக நிற்கும். கிளப்புகள் சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு முறையும் ஒரு பெயராக அழைத்துக்கொள்ள வேண்டும். எனவே கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, யாரை முதலில் அழைப்பது என்பதே பெரிய கேள்வி. இந்தச் சுற்றில் விட்டால் அடுத்த சுற்றுக்குள் அந்தப் பெயர் பறிபோய்விடும். ஆகவே ஒரு கிளப் முதல் சில சுற்றுகளில் எந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறது என்பதைப் பார்த்தாலே, அது எந்த இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

2017இல் இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. 2014இல் லீக் தொடங்கியபோது களத்தில் இறங்கும் 11 பேரில் 6 பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். இந்தியர்களுக்கு 5 இடம். மூன்று சீசன்கள் அப்படியே ஓடின. நான்காவது சீசனில் கணக்கு திரும்பியது: வெளிநாட்டவர் அதிகபட்சம் 5, இந்தியர் குறைந்தபட்சம் 6. அதாவது இந்தியர்களுக்குப் புதிதாக ஓர் இடம் திறந்தது. அந்த ஆறாவது இடத்தை எங்கே வைப்பது? டிராஃப்டுக்கு முன் ஒவ்வொரு கிளப்பும் போட்ட கணக்கு இதுதான்.

பெரும்பாலான கிளப்புகள் எழுதிய விடை ஒன்றுபோலவே இருந்தது: பின்னால்.

முதுகெலும்பும் விலாவும்

கால்பந்து அணிக்கு ஒரு முதுகெலும்பு உண்டு. கோல்கீப்பர், சென்டர் பேக், நடுக்களத்தின் மையத்தில் ஆட்டத்தை இயக்குபவர், எதிரணி கோலுக்கு முன்னால் நிற்கும் ஸ்டிரைக்கர் என்று மைதானத்தின் நடுவே ஒரு நேர்கோடு. இரு பக்கமும் ஓடும் ஃபுல் பேக்குகளும் விங்கர்களும் விலா எலும்புகள். முதுகெலும்பில் வெளிநாட்டவர், விலாவில் இந்தியர் என்பதே ஐ.எஸ்.எல்.லின் எழுதப்படாத சூத்திரம்.

இதற்குக் காரணம் தேசப்பற்று இல்லாமை அல்ல, சந்தை. நல்ல வெளிநாட்டு ஸ்டிரைக்கர் ஒருவர் ஒரு சீசனில் 12, 15 கோல் அடித்து அணியையே மேலே தூக்கிவிடுவார். நல்ல வெளிநாட்டு லெஃப்ட் பேக் வந்தால் அணி கொஞ்சம் முன்னேறும், அவ்வளவுதான். கையில் இருப்பது ஐந்தே ஐந்து வெளிநாட்டு இடங்கள் என்றால் அவற்றை எங்கே செலவு செய்வது? வித்தியாசம் எங்கே அதிகமோ அங்கே. மீதி இடங்களை உள்ளூரில் கிடைக்கும் நல்ல ஆட்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். அதனால்தான் டிராஃப்டில் நல்ல இந்திய கோல்கீப்பருக்கும் நல்ல இந்திய ஃபுல் பேக்குக்கும் அவ்வளவு கிராக்கி. கோல்கீப்பர் இந்தியராக இருந்துவிட்டால் ஒரு வெளிநாட்டு இடம் மிச்சமாகும். அதை முன்களத்துக்கு அனுப்பிவிடலாம்.

இந்தக் கிராக்கியின் அளவு 2015இலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் மும்பையில் 10 முன்னணி இந்திய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஏலம் நடந்தது. ஏலத்தில் விலையைப் பட்டியல் சொல்லாது, போட்டிதான் சொல்லும். நாட்டின் முதன்மையான கோல் வேட்டைக்காரர் சுனில் சேத்ரியின் ஆரம்ப விலை 80 லட்சம். மும்பை சிட்டி அவரை 1.20 கோடிக்கு எடுத்தது. ஒன்றரை மடங்கு. அதே ஏலத்தில் ரைட் பேக் ரினோ ஆன்டோவின் ஆரம்ப விலை 17.5 லட்சம். அத்லெடிகோ டி கொல்கத்தா அவருக்குக் கொடுத்தது 90 லட்சம். ஐந்து மடங்குக்கு மேல்! ஸ்டிரைக்கர் ராபின் சிங்கை டெல்லி 51 லட்சத்துக்கு எடுத்தது. பக்கவாட்டில் ஓடித் தடுப்பவருக்கு, நடுவில் நின்று கோல் அடிப்பவரைவிட அதிக விலை.

2017 டிராஃப்டிலும் விலைப் பட்டியலின் மேல் வரிசையைக் காவல்காரர்களே நிறைத்தார்கள். அனஸ், சுப்ரதா பால் தவிர, ரைட் பேக் பிரீதம் கோட்டாலை டெல்லி 75 லட்சத்துக்கு எடுத்தது. கோல்கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யாவை மும்பை 64 லட்சத்துக்கு எடுத்தது. கோல்கீப்பர் அம்ரிந்தர் சிங்கை ஏற்கெனவே தக்கவைத்துக்கொண்டிருந்த அதே மும்பைதான். ரினோ ஆன்டோ 63 லட்சத்துக்குக் கேரளாவுக்குப் போனார். அனஸுக்கு இணையாக 1.10 கோடி பெற்ற ஒரே ஆட்டக்காரர் யூஜின்சன் லிங்டோ. அவரை எடுத்தது கொல்கத்தா. லிங்டோ நடுக்களத்திலிருந்து பந்தை முன்னே கொடுப்பவர். அதை வாங்கி அடிப்பதற்குக் கொல்கத்தா கொண்டுவந்தது அயர்லாந்தின் ராபி கீனை.

ஜாம்ஷெட்பூரின் கணக்கு

காவலுக்கு முதலிடம் கொடுத்த ஜாம்ஷெட்பூர் களத்தில் என்ன செய்தது? பயிற்சியாளர் ஸ்டீவ் காப்பெல், 2016இல் கேரளாவை இறுதி ஆட்டம்வரை அழைத்துச் சென்றவர். கோல் விடாத அணியைத் தோற்கடிக்க முடியாது என்பது அவர் ஆட்ட முறையின் அடிப்படை. ஜாம்ஷெட்பூரின் முதல் மூன்று ஆட்டங்களின் முடிவும் 0-0. நார்த் ஈஸ்ட், கேரளா, கொல்கத்தா என மூன்று அணிகளும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாமல் திரும்பின. ஆனால் ஜாம்ஷெட்பூராலும் எதிரணியின் பூட்டைத் திறக்க முடியவில்லை.

சீசன் முடிந்தபோது 18 ஆட்டங்களில் 26 புள்ளிகள், ஐந்தாவது இடம். ஆரம்பித்த ஆண்டிலேயே அது மரியாதையான இடம்தான். விட்ட கோல்கள் 18. அடித்தவை 16. கோல் விடாத ஆட்டங்களுக்காக ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கு வழங்கப்படும் தங்கக் கையுறை சுப்ரதா பாலுக்குப் போனது. காயத்தால் அனஸ் பல ஆட்டங்களில் இறங்க முடியவில்லை. ஸ்பெயின்காரர் திரியும் கேமரூன்காரர் ஆந்த்ரே பிக்கியும் நடுவைக் காத்தார்கள். முன்களத்துக்கு நைஜீரியாவின் இசு அசுகாவும் ஹெய்ட்டியின் கெர்வன்ஸ் பெல்ஃபோர்ட்டும் வந்திருந்தார்கள்.

அந்த சீசனில் ஜாம்ஷெட்பூர் ரசிகர்கள் அதிகம் துள்ளிக் குதித்த நாட்களில் ஒன்று 2018 ஜனவரியில் கேரளாவுக்கு எதிரான ஆட்டம். தொடங்கி அரை நிமிடம்கூட ஆகாத நிலையில் மிசோரம் இளைஞர் ஜெரி மாவிமிங்தாங்கா கோல் அடித்தார். அடுத்து அஷிம் பிஸ்வாஸ். 2-1 என்று வென்ற அந்த ஆட்டத்தின் இரண்டு கோல்களுமே இந்தியர்கள் அடித்தவை. இடம் கிடைத்தால் அடிக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. இடம் கிடைப்பதுதான் அரிது.

சென்னை என்கிற விதிவிலக்கு

சூத்திரத்தை மீறிய கிளப்பும் ஒன்று இருந்தது. 2017 டிராஃப்டுக்கு முன் சென்னையின் எஃப்.சி. தக்கவைத்துக்கொண்ட இரண்டு மூத்த ஆட்டக்காரர்களில் ஒருவர் கோல்கீப்பர் கரன்ஜித் சிங். மற்றவர் மிசோரமின் ஜெஜே லால்பெக்லுவா. அவர் ஸ்டிரைக்கர். அதுவும் பக்கவாட்டுக்குத் தள்ளப்படாத, நடுவிலேயே நிற்கும் ஸ்டிரைக்கர்.

அந்த சீசனில் ஜெஜே 9 கோல் அடித்தார். 2018 மார்ச் 13ஆம் தேதி சென்னையில் நடந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று சென்னை வீழ்த்தியபோது ஜெஜே அடித்தவை இரண்டு. மற்றதை அடித்தவர் வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ். மூன்றுமே இந்தியக் கோல்கள். நான்கு நாள் கழித்து பெங்களூரில் இறுதி ஆட்டத்தை 3-2 என்று வென்று சென்னை கோப்பையைத் தூக்கியது. இந்திய ஸ்டிரைக்கரை நம்பினால் கோப்பை கிடைக்காது என்பதற்கு ஆதாரம் இல்லை. கிடைத்ததற்கு ஆதாரம் இருக்கிறது.

மற்ற இடங்களில் கதை வேறு. இறுதியில் தோற்ற பெங்களூர் தக்கவைத்துக்கொண்டவர்களில் முதல்வர் சுனில் சேத்ரி. அந்த சீசனில் அவர் 14 கோல் அடித்தார். இந்தியர்களில் அவருக்கே முதலிடம். ஆனால் அந்தச் சேத்ரிகூடப் பெரும்பாலும் இடது பக்கமிருந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. நடுவில் நின்றவர் வெனிசுவேலாவின் மிகு. அவர் அடித்தது 15. நாட்டின் மிகச் சிறந்த ஸ்டிரைக்கருக்கே பக்கவாட்டு என்றால், மற்றவர்கள் கதி என்ன?

மன்வீர் சிங்கின் கதை அதற்குப் பதில். 2017 சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தின் கடைசிக் கட்டத்தில் கோவாவுக்கு எதிராக வங்காளத்துக்கு வெற்றிக் கோல் அடித்த இளம் ஸ்டிரைக்கர் அவர். அவரைக் கோவா எஃப்.சி. எடுத்துக்கொண்டது. ஆனால் அதே அணியில் ஸ்பெயினின் கோரோ இருந்தார். அந்த சீசனில் 18, அடுத்த சீசனில் 16 என்று அடித்துத் தள்ளியவர். அவர் இருக்கும்வரை மன்வீருக்கு வாய்த்தது பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சுதான். பின்னர் கொல்கத்தா போனார். அங்கே வலது பக்கத்து விங்கராக மாறி நன்றாகவே ஆடினார். கிளப்புக்கு நல்ல விங்கர் கிடைத்தார். நாட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஸ்டிரைக்கர் வழியில் எங்கோ காணாமல் போனார்.

கையுறையும் காலணியும்

ஐ.எஸ்.எல்.லின் விருதுப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் முழு உண்மையும் தெரியும்.

அதிக கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி. 2014இல் பிரேசிலின் எலானோ. 2015இல் கொலம்பியாவின் மென்டோசா. 2016இல் பிரேசிலின் மார்செலீன்யோ. அடுத்த இரண்டு சீசன்களும் கோரோ. பிறகு லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், ஸ்பெயினின் அங்குலோ, நைஜீரியாவின் ஓக்பெச்சே, பிரேசிலின் டியேகோ மௌரிசியோ, கிரீஸின் டயமன்டகோஸ். 2024-25இல் மொராக்கோவின் அலாதீன் அஜாராய், 23 கோல். பதினொரு சீசன்களில் ஒரு இந்தியர்கூட இல்லை.

சிறந்த கோல்கீப்பருக்குத் தங்கக் கையுறை. முதல் இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டவர்: செக் நாட்டின் யான் செடா, அடுத்து அபூலா எடெல். மூன்றாவது ஆண்டு அம்ரிந்தர் சிங். அதற்குப் பின் சுப்ரதா பால், குர்பிரீத் சிங் சந்து (இரண்டு முறை), அரிந்தம் பட்டாச்சார்யா, பிரப்சுகன் கில், விஷால் கைத், புர்பா லாசென்பா, 2024-25இல் மீண்டும் விஷால் கைத். 2016 தொடங்கி ஒன்பது சீசன்களில் ஏழு இந்தியர்கள். ஒரு வெளிநாட்டவர்கூட இல்லை.

இரண்டும் ஒரே லீக். ஒரே மைதானங்கள். ஒரே நாட்டுப் பையன்கள். இந்தியர்கள் பிறவியிலேயே பந்தைப் பிடிக்கத் தெரிந்தவர்களாகவும் உதைக்கத் தெரியாதவர்களாகவும் இருக்கிறார்களா என்ன? வித்தியாசம் ஒன்றுதான். வெளிநாட்டு இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கிளப்புகள் கோல்கீப்பர் இடத்தை இந்தியர்களிடம் விட்டன. வாரா வாரம் நின்றார்கள், தவறு செய்தார்கள், கற்றார்கள், தேறினார்கள். ஸ்டிரைக்கர் இடத்தை விடவில்லை. ஆற்றில் இறங்காமல் நீச்சல் வராது. அதிலும் கோல் அடிப்பது, ஆட்டத்தில் ஆடித்தான் வரும் வித்தை. பத்து வாய்ப்பில் எட்டைத் தவறவிட்டாலும் அடுத்த வாரமும் தன் பெயர் அணியில் இருக்கும் என்ற தைரியம் இருந்தால்தான் இளம் ஸ்டிரைக்கர் ஒன்பதாவது வாய்ப்பில் நிதானமாக உதைப்பார்.

பழைய நோய்

பழி முழுவதையும் ஐ.எஸ்.எல். மீது போடுவது நியாயமல்ல. 1996-97இல் தொடங்கிய தேசிய லீகில் முதல் ஆண்டு அதிக கோல் அடித்தவர் பாய்ச்சுங் பூட்டியா, 14 கோல். இரண்டாவது ஆண்டு தமிழகத்தின் ராமன் விஜயன், 10 கோல். அடுத்த ஆண்டிலேயே அந்த இடம் கானாவின் பிலிப் மென்சாவிடம் போனது. அதன்பின் இகோர் ஷ்க்விரின், பரெட்டோ, ஒடாஃபா, ரான்டி மார்டின்ஸ் என்று பட்டியல் கடல் கடந்தே நீண்டது. ஐ-லீகில் 2013-14இல் சேத்ரி முதலிடத்தை இரண்டு வெளிநாட்டவருடன் பகிர்ந்துகொண்டது, வறண்ட ஆற்றில் ஒரு நாள் வந்த தண்ணீர்.

ஐ.எஸ்.எல். அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பெரும் பணத்தையும் பெரும் அவசரத்தையும் சேர்த்து அதைப் பலப்படுத்தியது. 2014இல் முழு லீகும் அக்டோபர் 12இல் தொடங்கி டிசம்பர் 20இல் முடிந்துவிட்டது. பத்து வாரம்! அதற்குள் கோப்பை வேண்டும், கூட்டம் வேண்டும், தொலைக்காட்சியில் முகம் வேண்டும். ஒரே சீசன் ஒப்பந்தத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரிடம், 20 வயது இந்திய ஸ்டிரைக்கரை மூன்றாண்டு பொறுத்து வளருங்கள் என்று எப்படிச் சொல்வது? மூன்று ஆட்டம் தோற்றால் அவர் வேலையே போய்விடும்.

கிளப்புகளின் தரப்பிலும் நியாயம் உண்டு. டிராஃப்ட் பட்டியலில் இல்லாத ஸ்டிரைக்கரை எப்படி எடுப்பது? 2017இல் மும்பை பல்வந்த் சிங்கை 65 லட்சத்துக்கு எடுத்தது. எடுக்கக்கூடிய இந்திய ஸ்டிரைக்கரை எடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆள் இல்லாததால் இடம் கொடுக்கவில்லை என்கின்றன கிளப்புகள். இடம் கொடுக்காததால் ஆள் இல்லை என்கிறது விருதுப் பட்டியல். இரண்டும் உண்மை என்பதுதான் சங்கடம்.

தேசிய அணியின் பாக்கி

டிராஃப்ட் மேஜையின் முன்னுரிமை தேசிய அணியின் முகத்தில் அப்படியே தெரிந்தது. முதலில் நல்ல பக்கம். 2019 செப்டம்பரில் தோஹாவில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். எதிரே அந்த ஆண்டுதான் ஆசியக் கோப்பையை வென்றிருந்த கத்தார். சேத்ரி ஆடவில்லை. ஆனாலும் குர்பிரீத்தும் பின்களமும் கத்தாரின் தாக்குதல் அத்தனையையும் தடுத்து 0-0 என்று முடித்தார்கள். ஐ.எஸ்.எல். வளர்த்த காவலின் வெற்றி அது.

மறுபக்கம் 2024இல் தெரிந்தது. அந்த ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் 6 ஆட்டங்களில் இந்தியா அடித்தது 3 கோல். ஒன்று மன்வீர், ஒன்று சாங்தே. இருவருமே கிளப்பில் விங்கர்கள். இன்னொன்று சேத்ரியின் பெனால்டி. அந்த ஆட்டத்திலும் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோல்வி. ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0 என்று டிரா செய்துவிட்டு, 94 சர்வதேசக் கோல்களோடு சேத்ரி விடைபெற்றார். அந்த ஆண்டு முழுவதும் இந்தியா ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை.

பின்னர் நடந்தது எந்த நாட்டுக் கால்பந்துக்கும் பெருமை தராது. 2025 மார்ச்சில், 40 வயதில், சேத்ரி திரும்ப அழைக்கப்பட்டார். காரணம் பாசம் அல்ல, புள்ளிவிவரம். 2024-25 ஐ.எஸ்.எல்.லில் 14 கோல் அடித்து இந்தியர்களில் முதலிடத்தில் இருந்தவர் அவர்தான். அவருக்கு அடுத்த இந்தியர் அடித்தது அதில் பாதி. ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். ஆனால் அடுத்த வாரமே வங்கதேசத்துடன் 0-0. ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1. அக்டோபரில் சிங்கப்பூருடன் 1-1, பிறகு கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு மூடிவிட்டது. நான்கு ஆட்டங்களில் இரண்டு கோல்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! தேசியப் பயிற்சியாளர் எவரானாலும் கிளப்புகள் வளர்த்தவர்களிடமிருந்துதான் அள்ள வேண்டும். கையைவிட்டால் கோல்கீப்பர்கள் வருகிறார்கள், ஃபுல் பேக்குகள் வருகிறார்கள், விங்கர்கள் வருகிறார்கள். ஸ்டிரைக்கர் வருவதில்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியரான பெங்களூரின் முன்கள ஆட்டக்காரர் ரயன் வில்லியம்ஸ் 2025 நவம்பரில் தேசிய முகாமுக்கு அழைக்கப்பட்டார். தேடல் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

விதி மாறினால் போதுமா?

2017தான் ஐ.எஸ்.எல்.லின் கடைசி டிராஃப்ட். அதன்பின் கிளப்புகள் நேரடியாகவே பேசி ஆள் எடுக்கத் தொடங்கின. மேஜை போனது, கணக்கு போகவில்லை. 2021-22 சீசனிலிருந்து களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கை நான்காகக் குறைக்கப்பட்டது. இந்தியர்களுக்கு ஏழாவது இடமும் திறந்தது. ஆனால் அந்த சீசனிலும் தங்கக் காலணி ஓக்பெச்சேவுக்குத்தான், 18 கோல்களோடு. ஐந்தை நான்காக்கினால் கிளப்புகள் பின்களத்திலோ நடுக்களத்திலோ ஒருவரைக் குறைத்துக்கொள்கின்றன. ஸ்டிரைக்கரைக் கடைசிவரை விடுவதில்லை. நான்கை மூன்றாக்கினாலும், இரண்டாக்கினாலும், கடைசியாக மிஞ்சும் வெளிநாட்டவர் ஸ்டிரைக்கராகவே இருப்பார்.

ஆகவே எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் நோய் தீராது. எந்த இடத்தில் யார் ஆட வேண்டும் என்று கிளப்புக்கு யாரும் உத்தரவு போடவும் முடியாது. ஆனால் கிளப்புகளின் முதல் அணிக்கு வெளியே, இளைஞர் லீகுகளும் வளர்ச்சி லீகுகளும் இருக்கின்றன. அங்கே கோப்பை அவசரம் இல்லை. 18 வயதில் நடுவில் நின்று கோல் அடிக்கும் பையனை, மேலே போனால் இடம் கிடைக்காது என்று பயந்து விங்கராக மாற்றும் வேலை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்த இடத்தில் அவனை விட்டுவைக்கவும், அவனுக்கு ஆண்டுக்கு 10 ஆட்டம் அல்ல, 30 ஆட்டம் கிடைக்கவும் வழி செய்வது சம்மேளனத்தின் கையில் இருக்கிறது. கிளப்புகள் தங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. முதல் அணியில் வெளிநாட்டு ஸ்டிரைக்கருக்கு அடுத்த ஆளாக இன்னொரு வெளிநாட்டவரைக் கொண்டுவராமல், அந்த இரண்டாவது இடத்தையாவது இந்தியருக்கு ஒதுக்கலாம்.

ஜெஜேயின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கோப்பை வென்ற சீசனுக்குப் பின் அவர் ஆட்டம் சரிந்தது. முழங்கால் காயம் அவரை முடக்கியது. பின்னர் கால்பந்தை விட்டு அரசியலுக்குப் போய், 2023இல் மிசோரம் சட்டமன்ற உறுப்பினரானார். அவர் விட்டுச் சென்ற இடத்தில் நிற்க இன்னொரு இந்திய ஸ்டிரைக்கர் வரிசையில் இல்லை. கோல்கீப்பர்கள் கதை அப்படியல்ல. சுப்ரதா பால் போனால் குர்பிரீத், அவருக்குப் பின் விஷால் கைத், கில், லாசென்பா. ஒருவர் சரிந்தால் அடுத்தவர் தயார்.

கிளப்புகள் தங்கள் லாபத்துக்காகத் திறந்துவிட்ட ஒரு கதவு, ஒன்பது ஆண்டுகளில் ஏழு தேர்ந்த கோல்கீப்பர்களைக் கொடுத்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த சாதனை அல்ல அது. மைதானத்தின் மறு கோடியில் இருக்கும் இன்னொரு கதவைத் திட்டமிட்டுத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தியக் கால்பந்து இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.